தாம்பாளம் வைத்துக் கேட்ட ஆட்டக்காரி

தாம்பாளத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆவூரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமம். ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பூசை முடிந்து ஜனங்கள் திரும்புகிற நேரம். சுவரில் இருதய ஆண்டவர் படம், அதற்குக் கீழே மினுக் மினுக்கென்று ஒரு சின்னச் சிவப்பு பல்பு. சிமெண்டுத் தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். உள்ளங்காலில் ஈரம் ஒட்டியது.

தாம்பாளத்தில் ஒரு சீப்பு பூவன்பழம், ஆப்பிள், வெற்றிலை பாக்கு, அன்னவாசல் கடைவீதியில் வாங்கிய மல்லிகைப்பூ. எந்த வீட்டுக்குப் போய் எதைக் கேட்பதானாலும் வெற்றிலை பாக்கோடு போய்க் கேட்பது என் பிறந்த வீட்டுப் பழக்கம். அப்படித்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த வீட்டம்மா பெயர் லூர்து. தாம்பாளத்தைப் பார்த்ததும் இரண்டு எட்டு பின்னால் போய்விட்டார்.

"அய்யோ, இதெல்லாம் எதுக்குங்க?"

"வெறும் பழந்தாங்க. வெறுங்கையோட வரக்கூடாதுல்ல."

"இல்லைங்க, வேணாங்க…"

அவர் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். நானே கூச்சப்படுகிறவள் என்பதால் எல்லாரையும் அப்படியே நினைத்துக்கொள்வேன். கையில் திணித்துவிட்டேன். கொதிக்கிற சட்டியை வாங்குகிற மாதிரி வாங்கி, படத்துக்குக் கீழே வைத்தார்.

நாங்கள் போனது அவர் மகள் ஜெசிந்தாவைக் கேட்கத்தான். எங்கள் காலேஜ் ஃபுட்பால் டீமுக்கு.

நான் எதற்குப் போனேன்

என் வீட்டுக்காரர் ஒரு சின்னக் காலேஜில் பி.டி. மாஸ்டராக இருந்தார். ஊரே அவரைச் சார் என்றுதான் கூப்பிடும். நானும் வெளி ஆட்களிடம் சார் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

இந்த வாரப் பத்திரிகையில் போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு அடுத்த தெரு டீச்சர் கேட்டார். "பஸ் கண்டக்டர்கிட்ட டிக்கெட் கேக்கவே வெக்கப்படுவேன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் எப்படி ஊர் ஊராப் போய்ப் புள்ளைங்கள டீமுக்குச் சேத்தீங்க?"

நான் எங்கே சேர்த்தேன்? நான் கூடப் போனேன், அவ்வளவுதான்.

பொம்பளைப் பிள்ளைகளை வைத்து டீம் நடத்துகிற ஆம்பளை. தனியாக ஒரு வீட்டு வாசலில் போய் நின்று "உங்க பொண்ண விளையாட அனுப்புங்க" என்று கேட்டால் யார் அனுப்புவார்கள்? முதல் வருஷம் சார் தனியாகத்தான் போனார். ஒரு வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

நான் பேச மாட்டேன். அஞ்சாம் வகுப்புக்கு மேல் படிக்கவும் இல்லை. அவர் கூடத்தில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருப்பார். நான் அடுப்படிப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவேன். அங்கே அந்தம்மா வெங்காயம் உரித்தால் நானும் உரிப்பேன், முருங்கைக்கீரை ஆய்ந்தால் நானும் ஆய்வேன். கடைசியில் எல்லா அம்மாக்களும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

"மேட்சுக்கு வெளியூர் போனா நீங்களும் போவீங்களா?"

தலையை ஆட்டுவேன். அது போதும் அவர்களுக்கு.

கல் கிரவுண்டு

பிள்ளை பிடிப்பது சாமானிய வேலை இல்லை. எங்கள் கிரவுண்டில் மழை பெய்தால் கல் மேலே வரும். மேட்சுக்கு முந்தின நாள் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து கல் பொறுக்குவார்கள். பெரிய ஊர்க் காலேஜ்களில் புல் தரை, ஷூ, ஜெர்சி, ஹாஸ்டலில் தினமும் முட்டை. எங்கள் ஹாஸ்டலில் முட்டை போடுகிற நாளைப் பிள்ளைகள் திருவிழா மாதிரி சொல்லிக்கொள்வார்கள்.

அதனால் நல்லா விளையாடுகிற பிள்ளை என்று பெயர் எடுத்தவள் எங்களுக்குக் கிடைக்க மாட்டாள். பெயர் வெளியே தெரிவதற்கு முந்திப் போய்ப் பிடிக்க வேண்டும். பிடித்தாலும் நிலைக்காது. ஒருத்திக்குக் கல்யாணம் ஆகும். ஒருத்தி கறுத்துப்போகிறாள் என்று அவள் அப்பா வந்து கூட்டிப்போவார். ஒரு வருஷம் பதினொரு பேர் சேரவில்லை. ஒன்பது பேரை வைத்துக்கொண்டு போய் ஆடித் தோற்றுவிட்டு வந்தார்கள். வேனில் வரும்போது ஒரு பிள்ளை, "சார், ரெண்டு பேரு கம்மியா இருந்தும் அவளுக அஞ்சு கோல்தான் போட்டாளுக" என்றாள். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். சாரும் சிரித்தார்.

பந்து காலில் இல்லாத நேரம்

சார் ஸ்கூல் மேட்சுகளுக்குப் போய் உட்கார்ந்து பார்ப்பார். கோல் போடுகிற பிள்ளையை எல்லாரும் பார்ப்பார்கள். இவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

"பந்து காலுல இருக்கும்போது எல்லாப் புள்ளையும் நல்ல புள்ளதாம்மா. பந்து இல்லாதப்ப என்ன பண்ணுதுன்னு பாக்கணும். குணம் அப்பத்தான் தெரியும்" என்பார்.

அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருந்தது. ஒரு வருஷம் ஒரு பிள்ளை வந்தாள். பேர் வேண்டாம். பந்து அவள் காலில் ஒட்டிக்கொண்ட மாதிரி போகும். மேட்சுக்கு மேட்ச் கோல். ஆனால் யாருக்கும் பாஸ் கொடுக்க மாட்டாள். ஜூனியர் பிள்ளை தப்பு செய்தால் கிரவுண்டிலேயே கேவலமாகப் பேசுவாள். அரை வருஷத்தில் பெரிய காலேஜ் ஒன்று கூப்பிட்டது. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். போன பிறகு பார்த்தால், அவளிடம் பேச்சு வாங்கிய இரண்டு பிள்ளைகளும் விளையாட்டை விட்டிருந்தார்கள். அது சாரை ரொம்ப நாள் அரித்தது.

ஜெசிந்தாவை அவர் பார்த்தது புதுக்கோட்டையில் ஒரு ஸ்கூல் மேட்சில். எதிர் டீம் கோல்கீப்பருக்கு மூக்கில் அடிபட்டு ரத்தம் வந்திருக்கிறது. பந்து வெளியே போய்விட்டது. எல்லாரும் பந்து எடுக்க ஓடியபோது இந்தப் பிள்ளை மட்டும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கோல்கீப்பரிடம் ஓடியிருக்கிறாள். மூக்கைக் கழுவிவிட்டு, "தல நிமிராத, குனிஞ்சே இரு" என்று சொல்லிவிட்டு வந்து, அடுத்த நிமிஷம் அவளுக்கே ஒரு கோல் போட்டாளாம்.

சார் அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

குரூப்பில் வந்த போட்டோ

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சாரின் பைக் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. எங்கள் மூத்தவன் கார்த்தி கோயம்புத்தூரிலிருந்து லீவில் வந்திருந்தான். சிநேகிதன் காரை வாங்கி எங்களைக் கூட்டிப்போனான். நாங்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது அவன் முழுக்கைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகக் காரில் சாய்ந்து நின்றிருக்கிறான்.

ஜெசிந்தா அன்றைக்குக் கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கிற முறை என்று சேலை கட்டியிருந்தாள். அந்தச் சேலையோடேயே எங்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். நெடுநெடுவென்ற பிள்ளை. முழங்காலில் அடிபட்டிருக்கும் போல, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். சார் பேசப் பேசக் கண் விரிந்தது. லூர்துக்கும் சம்மதம்தான். அவள் அப்பா மலேசியாவில் ஹோட்டல் வேலையில் இருந்தார். அவரிடம் போனில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

சந்தோஷமாகத் திரும்பி வந்தோம்.

தெருக் குழாயடியில் நின்றவர்கள் பார்த்தது வேறு. ஒரு புருஷன் பெண்டாட்டி, ஒரு தாம்பாளம், காரில் சாய்ந்து நிற்கிற பையன், சேலை கட்டிய பெண். யாரோ ஒருவர் போனில் போட்டோ பிடித்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் ஒருவர் வந்து வாசலில் வண்டியை நிறுத்தினார். வெள்ளை வேட்டி, பெரிய மீசை.

"சார் வீடு இதானே?"

"ஆமா. நீங்க யாருன்னு…" என்றார் சார்.

"யாருன்னு கேக்குற எடத்துலதான் என்னை வச்சிருக்கீங்க. நான் சவரிமுத்து. ஜெசிந்தாவுக்குத் தாய்மாமன்."

போனை எடுத்து நீட்டினார்.

"இந்தத் தாம்பாளம் யாருது?"

நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். கார்த்தி அப்போதுதான் இட்லி சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவர் போனையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை இவருதானே?"

"மாப்பிள்ளையா? நான் டிரைவருங்க. இவுங்கள எறக்கிவிட வந்தேன்."

"டிரைவரா? கண்ணாடியெல்லாம் போட்டுக்கிட்டா?"

"வெயிலுங்க" என்றான் கார்த்தி.

சார் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். அவர் நம்பினார். ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

"சரி சார். பந்து வெளையாடக் கூப்புட வந்தவுக எதுக்கு வெத்தலை பாக்கு வச்சீங்க? அதுவும் தவக்காலத்துல!"

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில் அவர்கள் நல்ல காரியப் பேச்சே எடுப்பதில்லையாம். எனக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு ஆடியும் மார்கழியும்தான் தெரியும்.

"ஊரே பாத்துருச்சு" என்றார் சவரிமுத்து. "பொண்ணு பாத்துட்டுப் போனவுக பதிலே சொல்லலைன்னு நாளைக்குப் பேசும். தாய்மாமன் நான் இருக்கையில எனக்குத் தெரியாம பேச்சு நடந்துச்சுன்னும் பேசும். அந்தப் பேச்சு எந்திரிக்கிறதுக்குள்ள என் மகனுக்கே முடிச்சுடப் போறேன். எப்பயோ தங்கச்சிக்குக் கொடுத்த வாக்குதான். புள்ளைக்குப் பதினெட்டும் முடிஞ்சிருச்சு. ஈஸ்டர் கழிச்சு ஓலை வாசிக்கச் சாமியார்கிட்டச் சொல்லிட்டேன்."

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு பங்குச் சாமியார் வாசிப்பார். அதுதான் ஓலை. வாசித்துவிட்டால் அப்புறம் திரும்பி வருவது லேசில்லை.

அவர் காபி குடிக்கவில்லை. ஆனால் அத்தனை கோபத்திலும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் பார்த்து, "வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பரணில் ஏறிய ஷூ

அன்றைக்குச் சாயங்காலம் ஜெசிந்தா சாருக்குப் போன் செய்தாள். சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. என்னால வர முடியாது. எங்க ஸ்கூல்ல செல்வின்னு ஒருத்தி இருக்கா. லெஃப்ட் காலு நல்லா வரும். அவளப் போய்ப் பாருங்க. அவுங்க வீட்டுல விட்டுருவாங்க."

"ஒனக்கு விருப்பமாத்தா இந்தக் கல்யாணத்துல?"

"மாமா முடிவு பண்ணிட்டாங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் லூர்து என்னைப் போனில் கூப்பிட்டார். "அக்கா, அழக்கூட மாட்டேங்குறா. ஷூவ நல்லா வெளுத்துக் காயவச்சு, பேப்பர்ல சுத்திப் பரண்ல தூக்கி வச்சுட்டாக்கா."

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளை அழுதிருந்தால்கூடத் தேவலை.

"ஒரு தடவை அவரு வீட்டுக்குப் போய்ப் பேசிப் பாருங்களேன்" என்று சாரிடம் சொன்னேன்.

"போவோம். நீயும் வா. ஆனா தாம்பாளம் வேண்டாம்."

புளியங்கொட்டை

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு முடிந்த வாரம். சவரிமுத்து வீடு குடுமியான்மலைப் பக்கம். நிலைப்படியில் குருத்தோலையில் முடைந்த சின்னச் சிலுவை செருகியிருந்தது. இன்னும் பச்சை மாறவில்லை.

மனிதர் வாசலுக்கு வந்து கூப்பிட்டார். நாற்காலி போட்டார். சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். பிள்ளையின் குணம், டீம், படிப்பு, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைக்கிற வேலை. நான் வழக்கம்போலப் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

அங்கே அவர் மனைவி பிலோ சாக்கு விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தார். சின்னச் சுத்தியலால் தட்டத் தட்டக் கொட்டை தெறித்து விழும். கொல்லையெல்லாம் புளிப்பு வாசம்.

"வாங்கக்கா. சாக்குலயே ஒக்காருங்க."

நானும் உட்கார்ந்து கொட்டை எடுக்க ஆரம்பித்தேன்.

"நீங்கதான் தாம்பாளம் வச்சவுகளா?"

"ஆமாங்க."

கையெல்லாம் புளி. முழங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. முன்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிட்டத்தில் நகர்ந்து வந்தார்.

"அக்கா, இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாதுக்கா."

மருமகளாக வரப்போகிறவளைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன்.

"சீச்சீ, அவ தங்கமான புள்ள" என்றார். "எம்மகன் அருளுதான்… சிங்கப்பூர்ல வேலை பாக்குற எடத்துல ஒரு புள்ளைய விரும்புறான். பட்டுக்கோட்டப் பக்கத்துப் புள்ள, நர்சு வேலை. என்கிட்டப் போன்ல சொல்லிட்டான். இவுகளுக்குத் தெரியாது. தங்கச்சிக்கு வாக்குக் கொடுத்துட்டேன், வாக்குக் கொடுத்துட்டேன்னு இருக்காரு. இப்பச் சொன்னா வீடு ரெண்டாயிரும். அவன் அடுத்த லீவுல வந்து அப்பன் மூஞ்சியப் பாத்து அவனே சொல்லணும். அதுவரைக்கும் இவுகள நிறுத்தி வைக்க எனக்கு வழி தெரியலக்கா."

நான் கொட்டையை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

"ஒங்க காலேஜ்ல ரூலு எதுவும் இருக்காக்கா? சேந்தா கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு?"

"தெரியலையேங்க."

"இருந்தா நல்லாருக்கும்" என்றார். மறுபடி தட்ட ஆரம்பித்துவிட்டார்.

என்னிடம் ஏன் சொன்னார் என்று பிறகு யோசித்திருக்கிறேன். நான் யாரிடமும் பேச மாட்டேன் என்பது என்னைப் பார்த்தாலே தெரியும் போல.

ரூல்

முன்பக்கம் பேச்சு உரக்கக் கேட்டது. சவரிமுத்துவின் குரலில் கோபமே இல்லை. சந்தோஷமாக இருந்தது.

"சார், நீங்க சொன்னது எல்லாம் எனக்குப் பிடிச்சிருக்கு. நான் ஒண்ணும் படிப்புக்கு விரோதி இல்ல. ஒண்ணு செய்வோம். கல்யாணத்த முடிச்சு வச்சிருவோம். பையன் பாட்டுக்குச் சிங்கப்பூருக்குத் திரும்பிப் போயிருவான். புள்ள ஒங்க காலேஜ்ல படிக்கட்டும், வெளையாடட்டும். யாரு வேணாம்னா?"

"அப்படின்னா…" என்று சார் இழுத்தார். அவர் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஒத்துக்கொள்ளப் போகிறார். அவருக்கு ஆட்டக்காரி கிடைத்துவிட்டாள். அவருக்கு என்ன தெரியும், பாவம்?

பிலோவின் சுத்தியல் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார்.

எப்படி எழுந்தேன், எப்படி நடந்தேன் என்று தெரியாது. கை முழுக்கப் புளியோடு கூடத்துக்கு வந்து நின்றேன்.

"கூடாதுங்க" என்றேன்.

இரண்டு ஆம்பளைகளும் திரும்பினார்கள்.

"என்ன தாயி கூடாது?"

"கல்யாணம். டீம்ல சேந்தா படிச்சு முடிக்கிற வரைக்கும் கல்யாணம் கூடாதுங்க. ரூல்."

எனக்கே என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. காது இரண்டும் சுட்டது.

"அப்படியா சார்?" என்றார் சவரிமுத்து.

சார் பொய் சொல்ல மாட்டார். வயதைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் ஒரு நல்ல பிள்ளையை ஆட வைக்கலாம் என்றபோதுகூட மாட்டேன் என்றவர். அவர் என்னைப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்நிய ஆம்பளை முன்னால் நான் வாய் திறந்து அவர் பார்த்ததில்லை. என் கையைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"அவங்க சொன்னா ரூல்தாங்க" என்றார். "எங்க வீட்டுல அதுக்கு மேல பேச்சு கிடையாது."

சவரிமுத்து மீசையைத் தடவிக்கொண்டார். உள்ளே பார்த்து, "ஏ பிலோ, ரூலாம்ல!" என்றார்.

"ரூலுன்னா ரூலுதான்" என்று பின்கட்டிலிருந்து பதில் வந்தது. "கவருமெண்டு விசயத்துல நாம என்ன பண்ண முடியும்?"

எங்கள் காலேஜ் கவர்மெண்ட் காலேஜே இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை.

சவரிமுத்து சார் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார். "அப்பச் சாமியார்கிட்ட ஓலைய நிறுத்தச் சொல்லிடுறேன். ஆனா ஒண்ணு சார். சேக்குறது நான்தான். தாய்மாமன் கூட்டிக்கிட்டு வந்துதான் புள்ள ஒங்க காலேஜுக்குள்ள நுழையணும். ஊரும் அத போட்டோ புடிச்சுப் போடட்டும்."

சாரின் பைக்கில் திரும்பினோம். அன்னவாசல் கிட்ட வந்ததும் கேட்டார்.

"அந்த ரூலு எப்ப வந்துச்சு?"

"இன்னைக்குத்தான்."

அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த ஒரு குணத்துக்காகவே இவரோடு இத்தனை வருஷம் இருக்கலாம்.

மாமன் கொண்டுவந்த சீர்

ஜெசிந்தா சேர வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. குட்டி யானை வண்டியில் பெட்டி, பாய், தலையணை. முன்னால் சவரிமுத்து பட்டுக்கரை வேட்டியில் நடந்து வந்தார். கையில் தாம்பாளம். அதில் பழமும் பூவும், நடுவில் ஒரு ஜோடி புது ஃபுட்பால் பூட்ஸ். காதுகுத்துக்கும் சடங்குக்கும் செய்த மாதிரி இதுவும் மாமன் சீராம். வாட்ச்மேன் கும்பிட்டு கேட்டைத் திறந்துவிட்டார்.

சார் பூட்ஸை எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார். "சைஸ் பெருசு. சொல்லிடாத."

ஹாஸ்டல் ரூமில் பெட்டியை எடுத்து வைக்க நான் உதவினேன். மற்றவர்கள் கீழே போய்விட்டார்கள். ஜெசிந்தா பாயை உதறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அம்மா, அத்தை ஒங்ககிட்டச் சொல்லிட்டாங்களா?"

"எதைத்தா?"

"அருளு மச்சான் விசயத்தை."

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். "ஒனக்குத் தெரியுமா?"

"பிளஸ் ஒன் படிக்கையிலேயே தெரியும். மச்சான் எல்லாத்துக்கும் முந்தி என்கிட்டத்தான் சொன்னாங்க. அத்தைகிட்டச் சொல்றதுக்கு எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கேட்டாங்க."

"அடிப் பாவி! அப்ப ஒங்க மாமாகிட்ட அத ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கல்யாணப் பேச்சே நின்னிருக்குமே. ஏன்டி சொல்லல? ஓலை வாசிச்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"தெரியலம்மா. பயமாத்தான் இருந்துச்சு." தலையணையைத் தட்டித் தட்டிச் சரி செய்தாள். "ஆனா அது மச்சான் சொல்ல வேண்டியது. என்னை நம்பிச் சொன்னத நான் எப்படிம்மா போட்டுக் கொடுக்குறது?"

சொல்லிவிட்டுப் பூட்ஸை மாட்டிப் பார்த்தாள். இரண்டு விரல் போகிற மாதிரி இடம் இருந்தது. "பரவாயில்ல, பஞ்சு வச்சுக்கலாம்" என்றாள்.

அடுத்த லீவில் அருள் வந்தான். அப்பா எதிரில் உட்கார்ந்து சொன்னான். வீட்டில் ரொம்ப நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. அப்புறம் சரியாகி, அந்த நர்சுப் பிள்ளையே மருமகளாக வந்தாள். இப்போது அவர்கள் வீட்டுப் பேத்தி ஸ்கூல் வேனில் போகிறாள். பிலோவிடம் போன மாதம் கேட்டேன், இதையெல்லாம் எழுதட்டுமா என்று. "எழுதுங்கக்கா, இனிமே என்ன? ஆனா புளி தட்டுன கையோட நின்னீங்களே, அத மறந்துடாம எழுதுங்க" என்றார். கொரோனாவுக்கு முந்தி நடந்தது. நேற்று மாதிரி இருக்கிறது.

இதில் ஒன்றுமே தெரியாதவர் சார் ஒருவர்தான். தான் அன்றைக்குக் குணத்தைப் பற்றிப் பேசிய பேச்சில்தான் சவரிமுத்து மனம் மாறினார் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். ரூலைப் பற்றிக் கேட்டால், நான் சும்மா உளறியதைத் தான் சமாளித்ததாகச் சொல்வார். நானும் விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் கேப்டன் போட வேண்டிய நேரம் வந்தது. ஜெசிந்தா வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. சீனியர் பிள்ளைகள் இருந்தார்கள். சார் சோற்றைப் பிசைந்தபடியே யோசித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் புள்ளையப் போடலாமான்னு பாக்குறேன். ஆனா இன்னும் ஒரு மேட்சுலகூட நெருக்கடியில வச்சுப் பாக்கலையே. பந்து இல்லாதப்ப எப்படி இருக்கும்னு முழுசாத் தெரியல."

"போடுங்க" என்றேன்.

நிமிர்ந்தார். "நீ எதுலயும் தலையிட மாட்டியே. என்னத்தப் பாத்த?"

"பாத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினேன்.

மறுநாள் அவளைத்தான் கேப்டனாகப் போட்டார். என்னத்தைப் பார்த்தேன் என்று அதற்குப் பிறகும் அவர் கேட்கவில்லை. வாரப் புத்தகம் வந்தால் நான் எழுதியதை முதலில் படிக்கிறவர் அவர்தான். படிக்கட்டும்.